200 வண்டிகளில் ஒன்று: பழைய அப்பாச்சி ஆர்டிஆர் 165 ஆர்பி வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

2021 டிசம்பரில் டிவிஎஸ் நிறுவனம் அப்பாச்சி ஆர்டிஆர் 165 ஆர்பி வண்டியை அறிவித்தது. இந்தியா முழுவதற்கும் சேர்த்து 200 வண்டிதான். முன்பதிவு இணையத்தில் மட்டும். டெல்லி ஷோரூம் விலை 1,45,000 ரூபாய். ஆர்பி என்றால் ரேஸ் பெர்ஃபார்மன்ஸ். 1982 முதல் பந்தயக் களத்தில் இருக்கும் டிவிஎஸ் ரேசிங் அணியின் அனுபவத்தை ரோட்டு வண்டிக்குள் கொண்டுவந்த அந்த வரிசையில் இதுதான் முதல் வண்டி.

அன்று கை நழுவவிட்டவர்களுக்கு இன்று பழைய வண்டி ஒன்றே வழி. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு நான் இதைத் தேடியபோது மூன்று வண்டிகளை நேரில் பார்த்தேன். முதலாவது ஆர்பியே இல்லை. இரண்டாவதின் இன்ஜினை யாரோ பிரித்திருந்தார்கள். மூன்றாவதைத்தான் வாங்கினேன். சாதாரண செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு நாம் பார்க்கிற விஷயங்கள் இதற்குப் போதாது. வண்டி நன்றாக ஓடுகிறதா என்பதோடு, இது உண்மையிலேயே அந்த வண்டிதானா, கம்பெனியிலிருந்து வந்த பாகங்கள் அப்படியே இருக்கின்றனவா, சிக்கல் இல்லாமல் நம் பெயருக்கு மாறுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் படி: இன்ஜினைப் புரிந்துகொள்ளுங்கள்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஏனென்றால் ஆர்பியின் விலை முழுக்க அதன் இன்ஜினில் இருக்கிறது.

அதே காலத்தில் சாதாரணமாக விற்ற ஆர்டிஆர் 160 4வி-யின் இன்ஜின் 159.7 சிசி. 9,250 ஆர்பிஎம்மில் 17.63 பிஎஸ் பவரும் 7,250 ஆர்பிஎம்மில் 14.73 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தரும். ஆர்பி 164.9 சிசி. 10,000 ஆர்பிஎம்மில் 19.2 பிஎஸ், 8,750 ஆர்பிஎம்மில் 14.2 நியூட்டன் மீட்டர். கவனித்தீர்களா? பவர் கூடியிருக்கிறது, டார்க் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இரண்டும் மேல் ஆர்பிஎம்முக்கு நகர்ந்திருக்கின்றன.

வெறும் 5 சிசி கூட்டியதால் வந்த மாற்றம் இல்லை இது. 160-இல் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 62 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 52.9. போரை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 1.17 வரும். ஆர்பியில் இந்த விகிதம் 1.37. கணக்குப் போட்டுப் பார்த்தால் போர் சுமார் 66, ஸ்ட்ரோக் சுமார் 48 மில்லிமீட்டர். பிஸ்டன் அகலமாகி, அது மேலும் கீழும் ஓடும் தூரம் குறைந்துவிட்டது. அதனால் இன்ஜின் தயங்காமல் ரெட்லைன் வரை சுழல்கிறது. கூடவே வால்வு திறக்கும் உயரமான லிஃப்ட்டை 35 சதவீதம் கூட்டிய ரேஸ் கேம், அந்த லிஃப்ட்டைத் தாங்க ஒரு வால்வுக்கு இரண்டு ஸ்பிரிங், கம்ப்ரஷனைக் கூட்ட மேடு வைத்த டோம் பிஸ்டன், 15 சதவீதம் கூடுதல் காற்றோட்டம்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ரோக் மாறினால் கிராங்க்கும் மாறும். போர் மாறினால் சிலிண்டர் பிளாக்கும் பிஸ்டனும் மாறும். ஆக, இன்ஜினுக்குள் ஏதாவது போனால் தெருமுனைக் கடையில் 160-இன் சாமானை வாங்கிப் போட்டுவிட முடியாது. ஆர்டிஆர் 200 4வி-யின் போரும் 66 மில்லிமீட்டர்தான். அதை வைத்து "200-இன் பிஸ்டனைப் போட்டுக்கலாம் சார்" என்று சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் தள்ளியே வையுங்கள். பிஸ்டனின் தலை வடிவம் வேறு.

இரண்டாம் படி: அது ஆர்பிதானா?

பெங்களூருவில் நான் பார்த்த முதல் வண்டியின் படங்கள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. ரேசிங் ஸ்டிக்கர், சிவப்பு அலாய் வீல், அட்ஜஸ்ட் செய்யும் லீவர் என்று எல்லாம் இருந்தது. காலை ரயிலைப் பிடித்துப் போய் இறங்கி, ஆர்சியைக் கையில் வாங்கினேன். கன அளவு என்ற இடத்தில் 159.70 என்று இருந்தது. விற்க வந்த தம்பி இரண்டாவது ஓனர். அவரும் ஸ்டிக்கரைப் பார்த்து நம்பித்தான் வாங்கியிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது எனக்கு ரயில் செலவு பெரிதாகத் தெரியவில்லை.

2021-இல் வந்த 160 4வி ஸ்பெஷல் எடிஷனிலும் சிவப்பு அலாய் வீலும் அட்ஜஸ்ட் செய்யும் லீவரும் உண்டு. ஸ்டிக்கரை எங்கும் அடித்துக்கொள்ளலாம். அதனால் அலங்காரத்தை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் ஆர்சி. கன அளவு 164.9 என்று இருக்க வேண்டும், மாடல் பெயரும் பொருந்த வேண்டும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு அதே விவரம் வருகிறதா என்று பாருங்கள். இதை வீட்டில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம். நான் அன்று செய்யத் தவறியது இதைத்தான்.

அடுத்து சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். டிவிஎஸ் வண்டிகளின் சேஸிஸ் நம்பர் எம்டி6 என்று தொடங்கும், மொத்தம் 17 எழுத்து. ஹேண்டில் பாருக்குக் கீழே சேஸிஸின் கழுத்தில் குத்தியிருப்பார்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாக ஆர்சியுடன் ஒப்பிடுங்கள். எழுத்துகளைச் சுற்றி அரத்தால் தேய்த்த கீறலோ புதுப் பெயின்ட்டோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கிராங்க்கேஸில் இருக்கும் இன்ஜின் நம்பரையும் இதே கவனத்துடன் பாருங்கள். இன்ஜின் மாற்றிய ஆர்பி வெறும் ஸ்டிக்கர் வண்டிதான்.

மூன்றாவது, பின் பிரேக் டிஸ்க். ஆர்பியில் 240 மில்லிமீட்டர், 160 4வி-யில் 200. ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும். செயினும் ஓர் அடையாளம். ஆர்பிக்குப் பித்தளைப் பூச்சுள்ள செயின் வந்தது. ஆனால் செயின் தேய்கிற சாமான், மாற்றியிருந்தால் அதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: ஓட்டத்தையும் விபத்தையும் கண்டுபிடிப்பது

இந்த வண்டியை வாங்கியவர்களில் சிலர் அலமாரியில் வைப்பதுபோல் வைத்திருப்பார்கள், சிலர் டிராக்கில் ஓட்டித் தீர்த்திருப்பார்கள். இரண்டுமே நமக்குச் செய்தி.

டிராக்கில் ஓடிய வண்டிக்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. குனிந்து இன்ஜின் ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையைப் பாருங்கள். பந்தயத்தில் போல்ட் கழன்று ஆயில் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக அதன் தலையில் ஊசி நுழையும் அளவு துளை போட்டு மெல்லிய கம்பியால் கட்டிவைப்பார்கள். கம்பியை அவிழ்த்துவிடலாம், துளையை மறைக்க முடியாது. துளை இருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை முறை ஓடியது, ஆயில் எப்போதெல்லாம் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஒளிக்காமல் சொல்கிறவரை நான் நம்புவேன்.

கீழே விழுந்த வண்டி எங்கே காட்டிக்கொடுக்கும்? லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, ஹேண்டில் பாரின் முனை, சைலன்சரின் வெளிப்பக்கம், இன்ஜின் கவர். நின்ற இடத்தில் சாய்ந்த வண்டிக்கு இவற்றில் லேசான உரசல் மட்டும் இருக்கும். வேகத்தில் விழுந்திருந்தால் ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது தடுக்கும் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கும், இல்லையென்றால் வெல்டிங் தெரியும். ஸ்டாப்பரைத் தொட்டே பாருங்கள். அப்புறம் மெயின் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் வரும்போது 'டக்' என்று உட்கார்ந்தால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. அது சின்ன செலவுதான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள், ஃபோர்க்கில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கிலோமீட்டரை நம்பலாமா? மீட்டர் சொல்வதை டயரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 4821 என்றால் 2021-இன் 48-ஆவது வாரம் தயாரித்தது. மீட்டர் 6,000 காட்டுகிறது, டயரோ 2023-இல் வந்தது என்றால், வண்டியோடு வந்த டயர் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று கேட்க வேண்டும். டிஸ்க்கின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். நகம் மேட்டில் மாட்டினால் பிரேக் நிறைய உழைத்திருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் தெரியும் அளவுக்கு வந்தால் செயின் செட் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக சர்வீஸ் விவரம். விற்பவரோடு அவர் வழக்கமாகப் போகும் சர்வீஸ் சென்டருக்குப் போய், வண்டி எண்ணைச் சொல்லி ஒவ்வொரு சர்வீஸின் தேதியையும் கிலோமீட்டரையும் கேளுங்கள். அவர் கூட இருந்தால் மறுக்க மாட்டார்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் கைகொடுத்தது. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20, பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். முதல் ஓனரிடமே இருக்கும் மூன்று வருட வண்டியின் முழு பாலிசியில் இது பூஜ்யம் என்றால், விபத்துக்குக் கிளெய்ம் வாங்கியிருக்கலாம், அல்லது பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருக்கலாம். நான் பார்த்த இரண்டாவது வண்டி இதில்தான் மாட்டியது. "கீழ விழவே இல்ல அண்ணா" என்றார் விற்பவர். பாலிசியில் பூஜ்யம் இருந்தது. அப்புறம்தான் இன்ஜின் வலது கவரைக் கவனித்தேன். கேஸ்கெட் ஓரமாகச் சிவப்பு நிற சீலன்ட் பிதுங்கி நின்றது. கம்பெனியில் அப்படிச் செய்ய மாட்டார்கள். உள்ளே யார் கை வைத்தார்கள், என்ன மாற்றினார்கள் என்பதற்கு ஒரு பில்கூட இல்லை.

நான்காம் படி: ஓட்டிப் பார்ப்பது

நீங்கள் போவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சாவியைப் போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதல் சில விநாடி வரும் டாப்பெட் சத்தம் பரவாயில்லை. சூடான பிறகும் மேலிருந்து தகரம் தட்டும் சத்தம் வந்தால் கேம், வால்வு பக்கம் வேலை இருக்கிறது. இந்த வண்டியில் அந்த வேலைக்கு ஆகும் செலவு 160-இன் கணக்கில் வராது.

ஓட்டும்போது ஒன்றை மனதில் வையுங்கள். கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் சாதாரணமாகத்தான் இருக்கும். மேலே சொன்ன டார்க் கணக்குதான் காரணம், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் 6,000-க்கு மேல் முறுக்கிப் பாருங்கள். அங்கே வண்டி உயிர்பெற வேண்டும், இடையில் இருமலோ தயக்கமோ இல்லாமல் ஏற வேண்டும். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது.

ஆர்பிக்கு ஸ்லிப்பர் கிளட்ச் உண்டு. மிதமான வேகத்தில் ஒரு கியர் குறைத்து கிளட்ச்சைச் சற்று வேகமாக விடுங்கள். பின் சக்கரம் குதிக்காமல், வண்டி மென்மையாக வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து கியரையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

சைலன்சரை மாற்றியிருந்தால் ஒரிஜினல் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் வாங்காதீர்கள். சத்தம் போடும் சைலன்சருக்கு அபராதம் கட்டுவது ஒரு பக்கம், இந்த மாதிரி வண்டியில் கழற்றிய ஒவ்வொரு ஒரிஜினல் சாமானும் பணம்.

ஐந்தாம் படி: சாமான் கிடைக்குமா, விலை என்ன?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சேஸிஸ் நம்பரை எழுதிக்கொண்டு உங்கள் ஊர் டிவிஎஸ் டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டருக்குப் போங்கள். பிஸ்டன் கிட், சிலிண்டர் பிளாக், கேம், ஹெட் கேஸ்கெட், ஸ்டிக்கருடன் வரும் டேங்க் பேனல் ஆகியவற்றின் பார்ட் நம்பர், விலை, வர எத்தனை நாளாகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் பேரம் பேச உங்களுக்கு உதவும்.

விலைக்குச் சந்தையில் நிலையான அளவுகோல் கிடையாது. நான் செய்தது இது: அதே வருடத்து, அதே அளவு ஓடிய 160 4வி என்ன விலைக்குப் போகிறது என்று பத்துப் பதினைந்து விளம்பரங்களைப் பார்த்து ஒரு நடு விலையைப் பிடித்தேன். அதன்மேல் ஆர்பிக்காக எவ்வளவு கூடுதலாகத் தரலாம் என்று முடிவுசெய்தேன். திறக்காத இன்ஜின், முழு சர்வீஸ் விவரம், கம்பெனி பெயின்ட், இரண்டு சாவி, முதல் பில் எல்லாம் இருந்தால் கூடுதலாகத் தரலாம். ஒவ்வொன்று இல்லாதபோதும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மறு பெயின்ட் அடித்த வண்டிக்கு 160-இன் விலைக்கு மேல் தர நான் தயாராக இல்லை.

ஆறாம் படி: பேப்பர்

200 வண்டிகள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. உங்களுக்குக் கிடைப்பது வெளி மாநில வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கேதான் பலர் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

உள் மாநிலம் என்றால் எளிது. படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து, ஒரிஜினல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இரண்டு பேருடைய அடையாளச் சான்று. லோனில் வாங்கிய வண்டியாக இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-உம் வேண்டும். "லோன் கட்டி முடிச்சாச்சு" என்ற வாய் வார்த்தை போதாது, ஆர்சியில் ஹெச்பி, அதாவது வங்கியின் லோன் பதிவு, கேன்சல் ஆகியிருக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது ஆர்சியில் இணைத்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த எண் விற்பவரிடம் இன்னும் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வெளி மாநிலம் என்றால் விற்பவர் தன் ஆர்டிஓவில் படிவம் 28-இல் என்ஓசி வாங்கித் தர வேண்டும். அது வரும் முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வண்டி திருட்டு, குற்ற வழக்கு எதிலும் இல்லை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பார்த்துச் சான்று எடுத்துக்கொள்ளலாம். பாக்கி இருக்கும் இ-சலான் எல்லாம் விற்பவர் கட்ட வேண்டும். இங்கே வந்த பிறகு தமிழ்நாட்டுக்கு லைஃப் டாக்ஸ் மறுபடி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். வண்டியின் வயதைப் பொறுத்து வரி குறையும். ஆனால் 2023 நவம்பரில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள புது இருசக்கர வாகனங்களுக்கான வரியே 12 சதவீதம் ஆகிவிட்டதால், உங்கள் ஆர்டிஓவில் சரியான தொகையைக் கேட்டுக்கொண்டு அதை வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள். வெளி மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாமல் வண்டி சேதமானால் சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அது நமக்கு வராது.

பணத்தை வங்கி வழியாக ஆர்சியில் உள்ள பெயருக்கே அனுப்புங்கள். புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். வண்டியை எடுக்கும்போது தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அந்த வண்டியால் ஏதாவது நடந்திருந்தால் பொறுப்பு யாருடையது என்பதற்கு அந்த நேரம்தான் ஆதாரம்.

ஏழாம் படி: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

என் வண்டி புனேயிலிருந்து ரயில் பார்சலில் வந்தது. டேங்க்கில் பெட்ரோல் துளி இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். ஆர்சி நகல், அடையாள அட்டை நகல் கேட்பார்கள். சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டுகிறவர்களிடம் டேங்க்கையும் பக்கவாட்டு ஸ்டிக்கர்களையும் முதலில் மெல்லிய துணியால் சுற்றச் சொல்லுங்கள். சணல் கயிறு உரசினால் அந்த ஸ்டிக்கர் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

வந்ததும் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றி, வால்வு கிளியரன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள், உலோகத் துகள் மின்னுகிறதா என்று. அப்படியே அந்த ஸ்பேர்ஸ் கவுன்டரில் எழுதிவந்த தாளை எடுத்து, ஒரு கேஸ்கெட் செட், ஒரு பிஸ்டன் கிட், ஒரு ஸ்டிக்கர் செட் இப்போதே ஆர்டர் போட்டுவிடுங்கள். என் பிஸ்டன் கிட் பெட்டியைப் பிரிக்காமல் பீரோவின் மேல் தட்டில், ஆர்சிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.